நேற்று ஒரு வீடு காட்டினேன்

மார்ச் 3, செவ்வாய்

மாலை வகுப்பில் இறந்தகாலம் தொடங்கினேன். பதினேழு வருடமாக நடத்தும் பாடம், இன்னும் அலுக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒழுங்கான வினைச்சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வாலில் ஒரு 'எட்' ஒட்டினால் போதும், மறுபேச்சில்லாமல் இறந்தகாலத்துக்குப் போய்விடும். ஆனால் வீட்டில் தினமும் புழங்குகிறவை — போ, வா, கொடு, எடு, வாங்கு, உடை, சொல் — எல்லாம் தான்தோன்றிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். 'பாராட்டு', 'வாழ்த்து' என்று எப்போதாவது வாய்க்கு வருகிறவைதான் சொன்ன பேச்சு கேட்கும்.

குடும்பம் நடத்தியவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். தம்பி வருடத்துக்கு ஒருமுறை அப்பாவைப் பார்க்க வருகிறான், காலில் விழுகிறான், போகிறான். ஊரில் அவனைப்போல் ஒழுங்கானவன் கிடையாது. நான் தினமும் அப்பாவோடு இருக்கிறேன். ஆகவே எனக்குக் கோபக்காரி என்று பெயர்.

மார்ச் 5, வியாழன்

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பாடம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் எழுந்து, நேற்று செய்ததை ஐந்து வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொன்னவரை மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். பொய் சொல்லலாம், பிழையாகச் சொல்லக் கூடாது.

தையல்கடை அக்கா, "ஐ டிடின்ட் ஸ்லெப்ட்" என்றார். திருத்தினேன். "தூங்காததுதான் மேடம் பெரிசு. அதை எப்படிச் சொன்னா என்ன?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்கு மதிப்பெண் இல்லை.

வீட்டுத் தரகர் எப்போதும் கடைசியில் எழுவார். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு போன். வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்களிடம் பேசுவதற்காகப் படிக்கிறார். "யெஸ்டர்டே ஐ கோட் டு எ ஹவுஸ்" என்று தொடங்கினார். 'வென்ட்' என்றேன். 'வென்ட்' என்றார். அதற்குமேல் இன்று முன்னேற்றம் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

அப்பாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. என்மேல் குறை குறையவில்லை.

மார்ச் 9, திங்கள்

எழுதிவிட்டால் ஆறும் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

இன்று தரகர் சரளமாகப் பேசினார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவருடைய ஐந்து வாக்கியம்: நேற்று ஒரு வீடு காட்டினேன். பச்சை கேட். உள்ளே ஒரு பெரியவர் நாற்காலியில் தூங்கினார். பக்கத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதில் மீன் இல்லை, மருந்து இருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதி வழியில் நின்றது.

மீன்கள் செத்தபிறகு அப்பா அந்தத் தொட்டியைத் தூக்கிப்போட விடவில்லை. மாத்திரை, கண்ணாடி, மூக்கில் இழுக்கும் மருந்து எல்லாம் அதற்குள்தான். வெளியே இருந்து பார்த்தால் எது தீர்ந்தது என்று தெரியுமாம். உலகத்தில் இன்னொருவர் இப்படிச் செய்வார் என்று நான் நம்பவில்லை.

நேற்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திலிருந்து ஒன்றுவரை எனக்குச் சிறப்பு வகுப்பு. வீட்டில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அப்பா, தம்பி.

தையல்கடை அக்கா கேட்டார்: "ஹூ ஓப்பன்ட் தி டோர்?"

தரகர்: "ஹிஸ் சன்."

எனக்குக் குரல் வந்தது. வாத்தியார் குரல் எந்த நிலைமையிலும் வரும்போலிருக்கிறது. வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்: "பெரியவரைப் பாத்துக்க ஒரு அம்மா இருக்காங்களாம் மேடம். வெளிய போயிருந்தாங்க. அவங்க பிரச்சனை இல்லைன்னு பையன் சொன்னாரு."

"ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றேன்.

"ஒன் டேக் கேர் லேடி. ஷி கோட் அவுட்."

"வென்ட் அவுட்" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

தம்பி இந்த ஊருக்கு வந்திருக்கிறான். என் வீட்டுக்கு வந்திருக்கிறான். நான் இல்லாதபோது வந்து, நான் வருமுன் போயிருக்கிறான். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூங்கினாராமே.

இன்று மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவன் சொல்வதைத்தான் கேட்க முடியும். வகுப்பில் என்றால் நடந்ததைக் கேட்கலாம்.

மார்ச் 12, வியாழன்

பாடத்திட்டப்படி இன்று எதிர்காலம். இறந்தகாலத்தையே மறுபடி நடத்தினேன். பயிற்சி நிலைய முதலாளி கதவில் எட்டிப்பார்த்தார். "மேடம், எதிர்காலத்துக்கு எப்ப போறதா உத்தேசம்?" என்றார். அடித்தளம் பலமில்லை என்றேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

தரகருக்குத் தன்மேல் தனிக் கவனம் காட்டப்படுவதில் ஒரே பெருமை. கேள்விமேல் கேள்வி கேட்டேன். பையன் வீட்டை ஏன் விற்கிறார்? அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போக. வாங்குகிறவர் வந்தாரா? வந்தார், மாடி பிடித்தது, சமையலறை பிடிக்கவில்லை. (பதினைந்து வருடமாக எனக்கும் பிடிக்கவில்லை. என்னிடம் யார் கேட்டார்கள்?) அடுத்து எப்போது வருவார்? சனிக்கிழமை, பதினொரு மணி.

"அது எதிர்காலம் மேடம்" என்றார் தையல்கடை அக்கா.

"பரவாயில்லை. அதையும் தெரிந்துகொள்வோம்" என்றேன்.

மார்ச் 14, சனி

காலை வகுப்புக்கு விடுப்பு எடுத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் எல்லாவற்றையும் சொல்கிறாரா என்ன?

கேட் சத்தம் கேட்டதும் நானே போய்த் திறந்தேன். தரகர் முன்னால், வாங்குகிறவர் பின்னால். தரகரின் முகத்தில் முதலில் மாணவனின் சிரிப்பு வந்தது. பிறகு அது எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"மேடம்... நீங்க இங்க..."

"நான்தான் அந்த டேக் கேர் லேடி. உள்ள வாங்க."

வாங்குகிறவரை மாடிக்கு அனுப்பிவிட்டு அவர் வாசலிலேயே நின்றார். கையில் இருந்த போன் இரண்டும் மாறிமாறி அடித்தன, எடுக்கவில்லை. கடைசியில் மிகவும் வருத்தத்தோடு சொன்னார்: "சத்தியமாத் தெரியாது மேடம். உங்க வீடுன்னு தெரிஞ்சிருந்தா வகுப்புல சொல்லியே இருக்க மாட்டேன்."

இவ்வளவு நேர்மையான வருத்தத்தை இந்த மாதத்தில் வேறு எவரிடமும் நான் பார்க்கவில்லை.

தேநீர் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார்.

அவர்கள் போனதும் தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, நானே உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்." இருந்தான். எவ்வளவு நாளாக இருந்தான்? ஒரே கேள்விதான் கேட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா என்று யாரைடா சொன்னே?

"அது... புரோக்கர்கிட்ட குடும்ப விஷயமெல்லாம் எதுக்குக்கா."

சரிதான். நான் குடும்ப விஷயம். வெளியே சொல்லக் கூடாது.

"அப்பாவுக்குத் தெரியுமாடா?"

"அப்பாவையே கேளேன்" என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

கேட்டேன்.

அப்பா தொட்டிக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பேப்பரை விரித்தார். "நான்தான் விக்கச் சொன்னேன் அவன்கிட்ட" என்றார். "அவன் ஃபிளாட்ல லிஃப்ட் இருக்கு. கீழயே டாக்டர். நீயும் ஓயலாம்."

"அன்னைக்கு அவங்க வந்தப்ப தூங்கிக்கிட்டா இருந்தீங்க?"

"கண்ணை மூடியிருந்தேன்."

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அப்புறம் தலைநிமிராமல் சொன்னார். "என்ன சொன்னாலும் நீ திருத்துவ. சாப்பிட்டேன்னா, எப்ப, எவ்வளவு. தூங்கினேன்னா, இல்ல, புரண்டீங்க. உன்கிட்ட வாயைத் திறக்கவே யோசனையா இருக்கும்மா. அவன்கிட்ட தப்பாப் பேசலாம். கண்டுக்கமாட்டான்."

கண்டுகொள்ள மாட்டான். ஆமாம். அவனுக்கு அது கைவந்த கலை.

மாத்திரை மாற்றிப் போட்டுக்கொண்டவரைத் திருத்தாமல் என்ன செய்திருக்க வேண்டும்? கேஸ் அணைச்சேன் என்று அணைக்காமல் வந்து நிற்கிறவரிடம் ஆமாம்ப்பா, அணைச்சீங்க என்று சொல்லியிருக்கணுமா? பதினைந்து வருஷம். நான் திருத்தினதாலதானே இந்த மனுஷன் இன்னைக்கு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்—

இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் திருத்தம்.

மார்ச் 16, திங்கள்

வகுப்பில் எதிர்காலம் தொடங்கினேன். முதலாளிக்கு மகிழ்ச்சி. தரகர் வரவில்லை.

மார்ச் 27, வெள்ளி

விற்றாகிவிட்டது. கையெழுத்துப் போட அப்பா புதுச் சட்டை கேட்டார். தேய்த்துக் கொடுத்தேன். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பார்த்துக்கொண்டு நின்றேன், சொல்லவில்லை. தம்பியும் சொல்லவில்லை. அவன் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் அப்பாவுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஏப்ரல் 4, சனி

அப்பா போனார். முன் சீட்டில் உட்கார்ந்தார், பெல்ட்டைத் தம்பி போட்டுவிட்டான். மருந்தெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாத டப்பா. எது காலை, எது மாலை என்று ஒட்டிக் கொடுத்தேன். "பாத்துக்கறேன்கா" என்றான்.

"தொட்டிய நீ வச்சுக்கோ. அங்க இடமில்லையாம்" என்றார் அப்பா. கார்க் கண்ணாடியை ஏற்றுமுன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் காத்திருந்தேன். எந்தத் திருத்தமும் சொல்லாமல்தான் காத்திருந்தேன். கார் கிளம்பிவிட்டது.

மாத முடிவுக்குள் நானும் காலி செய்ய வேண்டும்.

ஏப்ரல் 8, புதன்

பயிற்சி நிலையத்துப் படிக்கட்டில் தரகர் நின்றிருந்தார். "மேடம், ஒரு ரூம் இருக்கு. பாக்குறீங்களா? புரோக்கரா வரல, ஸ்டூடன்ட்டா வந்திருக்கேன்."

மாணவனாக வந்தால் மறுநாளிலிருந்து வகுப்புக்கும் வர வேண்டும் என்றேன்.

ஏப்ரல் 20, திங்கள்

வகுப்பு எந்தக் காலத்துக்குப் போனாலும் நேற்றைய ஐந்து வாக்கியம் மட்டும் நிற்பதில்லை. இன்றும் தரகர்தான் கடைசி. பையில் இருந்த இரண்டு போனையும் அணைத்துவிட்டு எழுந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு, ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்.

நேற்று ஒரு பெண்மணி ஓர் அறைக்குக் குடிவந்தார். அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். யாரிடமும் இல்லை என்று நான் சொன்னேன்.

போனார், நின்றார், வந்தார், சொன்னேன். எல்லாம் தான்தோன்றிகள். ஒன்றும் அவரை ஏமாற்றவில்லை. வகுப்பு கைதட்டியது.

தையல்கடை அக்கா கேட்டார்: "வாட் டிட் ஷி ப்ரிங்?"

"எ ஃபிஷ் டேங்க்."

"எனி ஃபிஷ்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நோ ஃபிஷ்," என்றார். "நோ மெடிசின்."

திருத்த ஒன்றும் இல்லை. அடுத்தவர் என்றேன். அடுத்தவர் யாரும் இல்லை, அவர்தான் கடைசி.