பயந்தவர்கள் வைத்த பெயர்

இன்று காலை எழுந்ததும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், உன் சொல்லேட்டை எடுத்து வெயிலில் விரித்து வைத்தேன். பூச்சி அரிக்காமல் இருக்க நீ செருகியிருந்த வேப்பிலைகள் சருகாக உதிர்ந்தன. அந்தக் கசப்பு வாசனை வந்ததும் உன்னைத் தேடி ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நீ கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

பட்டணத்துக் கல்லூரியில் சேர்ந்து படித்தோம். இந்தத் தங்கவயல் மிஷன் பள்ளிக்கும் ஒரே மாட்டுவண்டியில்தான் வந்து இறங்கினோம். பெரிய வகுப்புப் பெண்களுக்காக ஆங்கில அரசியல் சொற்களைத் தமிழாக்கி இந்த ஏட்டில் எழுதலாம் என்றது நீதான். போதகரான உன் அப்பாவிடம் கிரேக்கம் கற்றவள் நீ. டெமாக்ரசியில் உள்ள 'டெமோஸ்' ஊரார், ஆக்லாக்ரசியில் உள்ள 'ஆக்லோஸ்' கும்பல் என்றாய். 'ஜன ஆளுகை', 'கும்பல் ஆளுகை' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். சிரித்தாய். சுவிசேஷத்தில் ஆண்டவர் கையால் அப்பம் வாங்கித் தின்ற ஏழைகளுக்கும் ஆக்லோஸ் என்றுதான் பெயராம்.

"பயந்தவங்க வெச்ச பேரும்மா அது" என்றாய்.

மறுகோடையில், சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வண்டி இரண்டு நாள் வரவில்லை. பெண்கள் வெறுங்குடங்களோடும் ஒரு மனுவோடும் சுரங்க அதிகாரியின் பங்களாவுக்கு நடந்தார்கள். நீயும் போனாய். நான் பள்ளி ஜன்னலோடு நின்றுவிட்டேன். பள்ளி நடந்தது அவர் தயவில். மாலையில் அவர் என்னை அழைத்து, கூட்டிவந்தவர்கள் பெயரைக் கேட்டார். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, யாரும் கூட்டிவரவில்லை, அது வெறும் கும்பல் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. கும்பலுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார். வண்டி வர மேலும் நான்கு நாளாயிற்று.

பிறகு நாம் இருவரும் லைன் வழியே வந்தபோது, குடத்தோடு போனவர்களில் ஒருத்தியான முனியம்மா என்னை வழிமறித்தாள். "இன்னா வாத்தியாரம்மா, நாங்கல்லாம் கும்பலாமே? அப்போ உங்க சிநேகிதி இன்னா, வழி தப்பி வந்துட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான். வீட்டுக் கதவருகே வந்ததும் சொன்னாய்: "அத்தனை பேரோட பேரும் உனக்குத் தெரியும். ஒண்ணுகூட உன் வாயில வரலை."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இதை எடுத்துக்கொண்டுதான் இன்றும் வகுப்புக்குப் போகிறேன்.

இந்த வாரம் தண்ணீர் வண்டி மறுபடி நின்றுவிட்டது. மனுவை ஆங்கிலத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். முதல் ஆள் யாரென்று தெரியாமலிருக்க, பெண்கள் அதன் கீழே வட்டமாகக் கைநாட்டு வைக்கிறார்கள். தலை நரைத்த முனியம்மா நேற்று சொன்னாள்: "நீங்க எழுதினதே போதும், பேர் போடாதீங்க. வேலை போயிடும்."

அவர்கள் பெயரைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. என் பெயரைச் சொல்லலாம். அத்தனை கைநாட்டுகளுக்கு நடுவே எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான் என்பதால், அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும். போகட்டும். வட்டத்தில் ஓரிடம் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று சொல்லவில்லை.