பளபள கோட்டும் பார்ட்லியின் சாவும்

19 ஜனவரி 1998, திங்கள்

அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்திலேயே மிகப் பெரிய கம்பளக் கடையை இன்று பாட்டுப் பாடித் திறந்து வைத்தோம். கடை மலாக்கியுடையது. எங்கள் குழுவின் மேலாளரும் மலாக்கிதான். சன்மானம், ஆளுக்கொரு கால்மிதி.

குழு என்றால் மூன்று பேர். நோலீனுக்குக் குரல் இருக்கிறது, பெர்னிக்கு ஆட்டம் வரும், நான் நடுவில் உயரமாக நிற்பேன். 'கதவைத் திற' என்கிற எங்கள் ஒரே பாட்டு கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வெளியாகிவிட்டது. வானொலியில் ஒரு தடவைகூட வரவில்லை. மருந்துக்கடையில் என் வேலையை மார்ச் 17, செயின்ட் பாட்ரிக் திருநாள் வரைதான் வைத்திருப்பார்களாம். அதற்குள் பாட்டு வராவிட்டால் குழு கலையும், நான் இருமல் மருந்து விற்கப் போவேன். அம்மா என் வெள்ளை அங்கியை இப்போதே இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். பெற்றவளின் நம்பிக்கையைப் பார்!

28 ஜனவரி

வானொலிக்கு மறுபடி பாட்டை அனுப்பினோம். காலை நிகழ்ச்சி நடத்துகிற யூஜின் மாட்டுச் சந்தை விலையை இரண்டு தடவை வாசித்தார்.

11 பிப்ரவரி, புதன்

யூஜினின் அம்மா இறந்துவிட்டார். மலாக்கி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சாயங்காலம் உடலை மாதா கோவிலுக்குக் கொண்டு வர்றாங்க. வரிசையில நின்னு, கை குடுத்து, வருத்தமா இருக்குன்னு சொல்லிட்டு வந்துடுங்க பிள்ளைங்களா. சாவுக்கு வந்தவங்களை இந்த ஊர்ல எவனும் மறக்க மாட்டான். வராதவங்களை அவன் பேரன்கூட மறக்க மாட்டான்."

அங்கிருந்து நேராக லாங்ஃபோர்டில் கச்சேரி. அதனால் மேடைக்குப் போடுகிற பளபள கோட்டிலேயே போகவேண்டுமாம்.

12 பிப்ரவரி

ஐயோ. தப்பான சாவு.

நேற்று சாயங்காலம் மழை. நோலீன் வண்டி ஓட்டினாள். ஒரு கோவில் வாசலில் சவ வண்டி நின்றது, உள்ளே நுழைந்துவிட்டோம். "யூஜின் அம்மாவுக்கு ஆறே பேராடி?" என்று பெர்னி என் காதில் கிசுகிசுத்தாள். அப்போதே திரும்பியிருக்கலாம். அதற்குள் துக்க வீட்டார் கையை நீட்டிவிட்டார்களே! நீட்டிய கையை விட்டுவிட்டு ஓட முடியுமா?

செத்தவர் பார்ட்லி, கல்யாணமே ஆகாத விவசாயி. துக்க வரிசையில் நின்றது ஒரே ஆள், அவர் தங்கை அட்ராக்டா. எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க அண்ணனை உங்களுக்குத் தெரியுமா?"

பெர்னியின் நாக்கில் சனி! "நல்லாவே தெரியும்" என்றாள்.

"அடப்பாவி பார்ட்லி!" என்றார் பின்வரிசைக் கிழவர் ஒருவர். மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அட்ராக்டா என் கையை விடவேயில்லை. "பாடுறவங்களா? அப்போ ஒண்ணு பாடுங்கம்மா. அவனுக்குப் பாட ஆளே இல்லை."

பக்திப் பாட்டு எதுவும் மூன்று பேருக்கும் ஒன்றாகத் தெரியாது. 'கதவைத் திற'யையே மெதுவாகப் பாடினோம். பாதியில் நோலீன் அழுதாள். நானும்தான். யாரென்றே தெரியாத மனுஷனுக்கு எதற்கு இந்த அழுகை? பாதிரியார் கை தட்டப் போய், சட்டென்று கும்பிட்டுக்கொண்டார்.

14 பிப்ரவரி

யூஜின் மலாக்கியைக் கூப்பிட்டு, "எங்கம்மா சாவுக்கு ஊரே வந்துச்சு, உங்க பொண்ணுங்களைத் தவிர. நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பாட்டு இங்க வராது" என்றாராம்.

மலாக்கி எங்களைத் திட்டவில்லை. கடையிலேயே விலை உயர்ந்த கம்பளமாகப் பார்த்துக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

20 பிப்ரவரி

மாவட்டம் முழுக்க ஒரே பேச்சு. நாங்கள் பார்ட்லியின் மகள்களாம். மூன்று பேருக்கும் அம்மா வேறு வேறாம். இறைச்சிக் கடையில் என் அம்மாவையே நிறுத்தி, "பார்ட்லியை உனக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை. அங்கிக்கு மட்டும் கஞ்சி போடுகிறாள்.

5 மார்ச்

கச்சேரி இல்லை. மருந்துக்கடைப் பக்கம் தலை குனிந்து நடந்தேன். அந்த வேலைக்குத் திரும்ப எனக்கு மனசில்லை, இந்த டைரியிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

12 மார்ச், வியாழன்

வந்துவிட்டது! வந்துவிட்டது!

காலையில் வானொலியில் மரண அறிவிப்பு நேரம். அப்போது இந்த மாவட்டத்தில் ஒருவரும் தேநீரைக்கூட உறிஞ்ச மாட்டார்கள். "பார்ட்லியின் ஒரு மாத நினைவுப் பூசை இன்று மாலை. தங்கை அட்ராக்டா விரும்பிக் கேட்டபடி..." யூஜினின் குரல் பல் பிடுங்கிய ஆளின் குரல். துக்க வீட்டார் கேட்டால் மறுக்கிற துணிச்சல் எந்த வானொலிக்கு உண்டு? அப்புறம் எங்கள் பாட்டு. முழுசாக!

அம்மா இஸ்திரிப் பெட்டியை அங்கி மேலேயே வைத்துவிட்டு நின்றாள். கருகல் வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

"போனா போவுது. பழைய துணிதானே?" என்றாள்.

14 மார்ச்

வானொலியில் தொலைபேசி ஓயவில்லையாம். எல்லோருக்கும் தங்கள் வீட்டுச் சாவுக்கும் அதே பாட்டு வேண்டும். யூஜின் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறார்.

17 மார்ச்

ஊர்வலத்தில் லாரி மேல் நின்று பாடினோம். ஆலங்கட்டி மழை. மருந்துக்கடைக்காரர் கீழிருந்து கையசைத்தார். வேலைக்கு வேறு பெண்ணை எடுத்துவிட்டாராம். வாழ்க!

9 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று டப்ளினில் தொலைக்காட்சியில் பாடினோம். பாட்டு நாட்டிலேயே ஏழாம் இடம். அட்ராக்டாவை முன்வரிசையில் உட்கார வைத்தோம். முடிந்ததும் என்னைத் தனியாக இழுத்தாள்.

"யூஜின் அம்மாவை வச்சிருந்தது அடுத்த ஊர்க் கோவில்லடி. வழி தப்பி வந்தீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் எதுவும் சொல்லலை?"

"நாப்பது வருஷமா அவன் ஆட்டைத் தவிர யார்கிட்டயும் பேசினதில்லை. அவனைப் பத்தியும் யாரும் பேசினதில்லை. செத்த பிறகாவது ஊரே அவனைப் பத்திப் பேசுது. அதைக் கெடுக்க எனக்கென்ன கிறுக்கா?"

மேசையில் மிச்சமிருந்த சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பார்ட்லியின் கல்லறைக்கு நாங்கள் மூன்று பேரும் போகிறோம். காலைப் பூசை விட்டு ஜனங்கள் வெளியே வருகிற நேரமாகப் பார்த்து, பளபள கோட்டிலேயே வரச் சொல்லியிருக்கிறாள்.