கடலைக் கேட்ட மைக்

என் தங்கையைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக இருபது வருஷம் என் பேச்சைச் சகித்த சவரிமுத்து மச்சானுக்கு,

இரண்டு கடலுக்கும் நடுவே அஞ்சாத ஆண்மகன் நான் ஒருவன்தான் என்று தீவு முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, அது பொய். நீ போன இந்த ஒரு வருஷமும் பயந்து பயந்துதான் கிடந்தேன். சுறாவுக்கு இல்லை, சூறாவளிக்கு இல்லை. உன் பாட்டைப் பதிவு செய்ய நாம் மதுரையில் வாங்கிய டேப் ரிக்கார்டருக்கு.

அந்தக் கடை நினைவிருக்கிறதா? நம் தெருவுக்குக் கரண்டு இல்லை, பேட்டரியில் ஓடவேண்டும், கையில் தூக்கிவரத் தோதாக இருக்கவேண்டும் என்று பெட்டியை நீ சரியாகத்தான் எடுத்தாய். மைக்கில்தான் நான் தலையை விட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்து, "வீட்டோட பாடுறவுகளுக்கு இது போதும்ணே. முன்னால உள்ளத மட்டுந்தான் கேக்கும்" என்று ஒன்றைக் காட்டினார்.

"அரைச் செவிட்டு மைக்கையா எங்க மச்சானுக்குக் குடுக்குறீக?" என்றேன். மற்றது நாலு பக்கமும் கேட்குமாம். தலைமன்னாரில் எறும்பு தும்மினாலும் இதில் விழும் என்று கடைக்காரருக்கே பாடம் நடத்தி அதை வாங்க வைத்தேன். நீ முதல் மைக்கை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு வைத்தாய். ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாய்?

ஆடி மாதத்து மத்தியானம், ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு உன் மகள் ரோசலினுக்காக நீயே கட்டிய பாட்டைப் பாடினாய். அதற்கு முன்னால் மைக்கை வாயோடு ஒட்டிவைத்து சேதுக்கரைச் சக்கரவர்த்தியாக நான் ஆற்றிய சொற்பொழிவில் பாதி பேட்டரி செத்துவிட்டது. மீதி உன் பாட்டோடு தீர்ந்ததால், நீ பாடி முடித்ததும் போட்டுக் கேட்க வழியில்லை. "எப்படிலே விழுந்திருக்கு?" என்றாய். "தங்கம்" என்றேன். புதுப் பேட்டரி வாங்குவதற்குள் மூன்றாம் வாரம் அந்தக் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனது.

அடக்கம் முடிந்த பிறகு புதுப் பேட்டரி போட்டு, தனியாக உட்கார்ந்து கேட்டேன். என் சொற்பொழிவு இடியாக முழங்கியது. அடுத்து உன் ஆர்மோனியம் லேசாக. அப்புறம் வெறும் இரைச்சல். அதோடு நிறுத்திவிட்டேன்.

கடல், மச்சான். மதுரைக் கடையில் கடல் இல்லை. நமக்கோ பிறந்ததிலிருந்தே அது காதிலே கிடப்பதால், அதைத்தான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மைக் நம் ஊரில் பிறக்கவில்லையே.

பேட்டரி கிடைக்கவில்லை, ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று தங்கச்சி மிக்கேலம்மாவிடம் வருஷம் முழுக்கப் பொய் சொன்னேன். பெட்டி என் வலைக் குவியலுக்குள் இருந்தது. இன்னொரு பயமும் உண்டு. பாட வைக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே பதிவு செய்யும் சிவப்புப் பொத்தான். விரல் தவறினால் உன் குரல் அழிந்துபோகும். அதை வலைக்கயிற்றால் ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்தேன்.

நேற்று உன் வருஷப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மிக்கேலம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, பெட்டி உன் வலைக்குள்ள கெடக்குன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு அவுக குரல நான் கேக்கணும்."

"அதுல ஒண்ணும் இல்லாமப் போயிருந்தா?"

"இல்லைன்னு தெரிஞ்சுக்கிறேன். இங்கன கொண்டா."

கொண்டுவந்து வைத்தேன். என் சொற்பொழிவு ஓடிய நேரம் பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. பிறகு கடல். அதற்கு அடியில், தூரத்து வள்ளத்திலிருந்து கூப்பிடுகிற ஆளைப் போல நீ. ரோசலின் பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு பென்சிலால் எழுதினாள். மிக்கேலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பாட்டு முடிந்தது. பெட்டியை நிறுத்த நீ குனிந்திருப்பாய் போல. திடீரென்று பக்கத்திலே உட்கார்ந்து பேசுகிற மாதிரி உன் குரல்:

"ஏலே சந்தியாகு, கடல் சத்தம் சேந்து விழுந்திருக்குமோ?"

அடுத்து என் குரல்: "கடலா? எந்தக் கடல்?"

மிக்கேலம்மா கண்ணைத் திறந்து, "அவுகளுக்குக் கேட்டிருக்குண்ணே. ஒனக்குத்தான் கேக்கல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கடைசிய மட்டும் இன்னொரு தடவ போடு" என்றாள். நாலு தடவை போட்டேன். நாடா அறுந்துவிடுமோ என்று நாலு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரோசலின் பாட்டை மீட்டுவிட்டாள், ஒரு வரி தவிர. அந்த இடத்தில் ஒரு பெரிய அலை. அந்த வரி என்ன, மச்சான்?

நாளைக்கு மதுரைக்குப் போகிறேன், அந்த அரைச் செவிட்டு மைக்கை வாங்க. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, மைக்கை ரோசலின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்து அவளைப் பாடவைப்பேன். அந்த ஒரு வரிக்கு உன் ஆர்மோனியம் மட்டும் பாடட்டும். அன்றைக்குச் சிவப்புப் பொத்தானின் கட்டை அவிழ்த்தாக வேண்டும். முதலில் உன் நாடாவைக் கழற்றி மிக்கேலம்மா மடியில் கொடுத்துவிட்டுத்தான் பொத்தானில் கை வைப்பேன். பாட்டு முடிகிறவரை வாயைத் திறக்கமாட்டேன். இது சக்கரவர்த்தி சொல்வதல்ல,

உன் மகளின் தாய்மாமன்,
கடல் கேட்காத உன் மச்சான்,
சந்தியாகு