பட்டியலில் கடைசிப் பெயர்

நிலா தென்முனைப் பனி ஆய்வகம்
பதிவு: அங்கயற்கண்ணி, கருவிப் பொறியாளர்

நாள் 203 | 07:10

மின்கலம் 91 விழுக்காடு. அறை அழுத்தம் சரி. பனி மாதிரி 64 உறைபெட்டியில் வைக்கப்பட்டது.

அடுத்த குழு இதைப் படிக்கும் என்பதால் நிலைமையைச் சொல்லி வைக்கிறேன். இங்கே இரண்டு பேர்தான். நான், என் கணவர் வைரவன். ஐம்பத்தெட்டு நாள் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. நினைவு தெளிவாக இருக்கிறது. கண்களும் வலது கன்னமும் மட்டும் அசைகின்றன. அவரை அழைத்துப் போகும் கப்பல் நாள் 229 அன்றுதான் வரும்.

இன்று அவருக்கான கம்பியில்லா விசை வேலை செய்யத் தொடங்கியது. சட்டைப் பொத்தான் அளவுள்ள பட்டை. கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. எதிரே திரையில் பதினொரு பெயர்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒளிரும். ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி. வேண்டியது ஒளிரும்போது கன்னத்தை அசைத்தால் அந்தக் கருவி இயங்கும். அது வேலையை முடிக்கும்வரை பட்டியல் நகராது. விளக்கு என்றால் ஒரு நொடி. கஞ்சிக்குழாய் என்றால் எட்டு நிமிடம்.

பட்டியலில் முதலாவது, 'மனைவியை அழை'. அழுத்தினால் என் மணிக்கட்டு வளையம் அதிரும். பதினோராவது, 'காற்றறைக் கதவு'. நான் வெளியே போய்த் திரும்பிக் காற்றறையில் நிற்கும்போது, அதில் காற்றை நிரப்பி உள்கதவைத் திறக்கும். ஆள் உள்ளே நிற்காவிட்டால் ஒன்றும் செய்யாது.

திரையைத் தாங்க ஒரு கம்பி தேவைப்பட்டது. பொத்தான் பழுதானால் கதவைக் கையால் திறப்பதற்கான, காற்றறையின் கைச்சுழற்றியைக் கழற்றி வளைத்துக்கொண்டேன். கதவுக்குக் காற்றறைக்குள் பொத்தான் இருக்கிறது. இப்போது அவர் கன்னமும் இருக்கிறது. சுழற்றியை இந்த ஆறு மாதத்தில் யாரும் தொட்டதில்லை.

நாள் 206 | 08:30

மின்கலம் 90. வைரவன் தானாகவே விசிறியைப் போட்டார், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார், கஞ்சி குடித்தார். நான் கைதட்டினேன்.

பிறகு கிண்ணத்தையும் கரண்டியையும் கழுவி வைத்தேன். இரண்டும் சுத்தமாகத்தான் இருந்தன.

உறக்க நேரத்தில் வளையம் ஏழு முறை அதிர்ந்தது. ஏழும் தவறுதலாக. கன்னம் தானாகத் துடிக்கும்போது முதல் பெயரில் விளக்கு நின்றிருந்தால் அழைப்பு வந்துவிடுகிறது. ஏழு முறையும் ஓடினேன். ஏழாவது முறை, "தூங்க விடுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். அலுப்பில் சொன்னது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உண்மையில் அந்த ஏழு முறையும் எனக்குப் பிடித்திருந்தது.

நாள் 209 | 11:00

பூமியிலிருந்து பயிற்சி. விசைக்குப் பழக்கும் சிகிச்சையாளர் ஜெனோவா தூத்துக்குடிக்காரி. இவரும் அதே ஊர். நான் மதுரை. பதிவான பேச்சு:

"என்ன அண்ணாச்சி, மொகம் இன்னைக்குப் பளபளன்னு இருக்கு? மைனி பவுடர் போட்டு விட்டாவளா?"

விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது.

"சிரிக்கியளா? சிரிங்க, சிரிங்க. ஊருக்கு வாங்க, ஒரு கிலோ மக்ரூன் வாங்கி வைக்கேன். ஒங்களுக்கு இல்ல. ஒங்க மொகத்துக்கு நேரா உக்காந்து நான் திங்கதுக்கு."

விளக்கு நான்கு முறை.

விளக்கை அணைத்துப் போட்டால் சிரிப்பு என்று எப்போது முடிவு செய்துகொண்டார்கள்? அந்த விளக்கின் இணைப்பை நான்தான் கொடுத்தேன். என்னிடம் ஒருமுறைகூட அது சிரித்ததில்லை.

இறுதியில் எனக்கும் ஒரு வார்த்தை இருந்தது. "மைனி, வெளிய போறதுக்கு முன்னாடி கஞ்சிக் கலத்த நெறச்சு வச்சுட்டுப் போங்க. மறந்துராதிய." முழுக்கலம் பதினான்கு நாள் வரும். நான் வெளியே போவது மூன்று மணி நேரம். இருந்தாலும், சரி என்றேன்.

நாள் 212 | 16:20

மின்கலம் 88. சூரியத் தகடுகளில் தூசி.

எழுத்துப் பலகையும் இதே விசையில்தான் இயங்குகிறது. ஒவ்வோர் எழுத்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆகிறது. என்னிடம் அவர் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. மூன்றாம் எழுத்திலேயே மீதியை நான் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தவறாக இருந்தாலும் கண்ணை ஒருமுறை மூடி, ஆமாம் என்கிறார்.

ஜெனோவாவிடம் இன்று முக்கால் மணி நேரம் எழுதினார். நான் அடுத்த அறையில் மாதிரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் குறுக்கே பேசவே இல்லை. அவ்வப்போது, "ம், இருக்கேன் அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டது.

முக்கால் மணி நேரம். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நாள் 214 | 07:45

பட்டியல் மாறியிருக்கிறது.

போன வாரம் ஜெனோவா கேட்டதால் 'பட்டியலை மாற்று' என்ற வசதியைப் பத்தாவதாகச் சேர்த்திருந்தேன். பழைய பத்தாவதான சன்னல் மூடியை எடுத்துவிட்டேன். அந்த வசதியைக்கொண்டு அவரே வரிசையை மாற்றியிருக்கிறார். முதலாவது, காற்றறைக் கதவு. பதினோராவது, மனைவியை அழை.

மற்றவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கின்றன. நான்கு முறை படித்துப் பார்த்தேன். வெளியே அனுப்பும் கதவு முதலில். நான் கடைசியில். விசிறிக்குப் பின்னால். தண்ணீருக்கும் பாட்டுக்கும் பின்னால்.

உறக்க நேரத்தில் வளையம் ஒருமுறைகூட அதிரவில்லை. எட்டு மணி நேரம் விழித்துக் கிடந்தேன்.

நாள் 215 | 09:00

கதவை நீக்கிவிட்டேன். பட்டியலை மாற்றும் வசதியையும் நீக்கினேன். பூமியிலிருந்து யாரும் திருத்த முடியாதபடி பூட்டுச்சொல் போட்டேன். இனிச் சுவர்ப்பலகையில் என் விரலால் மட்டுமே மாற்ற முடியும்.

பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'பாதுகாப்பு' என்று நிரப்பினேன்.

மீதி ஒன்பது பெயர்கள். ஒன்பதாவது நான். அதை மேலே ஏற்ற ஒரு நிமிடம் போதும். செய்யவில்லை. நானே போய் உட்கார்ந்துகொள்ளும் முதலிடம் எனக்கு வேண்டாம்.

நான் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பலகையில் தொடங்கினார். "க", "த", "வு". நான் முடித்துவிட்டேன்: "கதவு ஒங்களுக்கு எதுக்குங்க? அதெல்லாம் நான் பாத்துக்கறேன்." அவர் மேலும் ஏதோ எழுத முயன்றார். நான் திரையை மாற்றினேன்.

நாள் 216 | 13:15

பூமி அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. இனி நாள் 229 வரை தொடர்பு இல்லை. மறைவதற்கு முன் ஜெனோவாவிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது. இரண்டு நிமிடம். கேட்கவில்லை.

பதிமூன்று நாள். நானும் அவரும் மட்டும். ஒரு வாரமாக இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

நாள் 218 | 09:05

மின்கலம் 79. தகடுகளைத் துடைக்க வெளியே போகிறேன். உடையில் ஆறரை மணி நேரக் காற்று. கஞ்சிக் கலம் விளிம்பு வரை நிரப்பியாயிற்று, ஜெனோவா அம்மையாரின் ஆணைப்படி.

நாள் 218 | 12:20 (உடைக்குள்ளிருந்து குரல் பதிவு)

தகடுகள் முடிந்தன. காற்றறைக்குள் வந்து வெளிக்கதவைச் சாத்தினேன். பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. குளிரில் உள்கம்பி விரிசல் விட்டிருக்க வேண்டும். காற்று நிரம்பவில்லை. உள்கதவு திறக்கவில்லை.

சுழற்றியைத் தேடிக் கை தானாகச் சுவருக்குப் போனது. வெறும் துளை. அது உள்ளே அவர் திரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அவரிடம் வானொலியில் சொன்னேன்: "என்னங்க, பயப்படாதீங்க. பொத்தான் கோளாறு. நீங்க கதவ..."

அங்கேயே நிறுத்தினேன்.

நாள் 218 | 12:24

வளையம் அதிர்கிறது. இருபத்தேழு விநாடிக்கு ஒருமுறை. ஒன்பது பெயர்களும் கடந்து வர அவ்வளவு நேரம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வரை காத்திருந்து என்னை அழைக்கிறார்.

நாள் 218 | 13:40

பொத்தான் பலகையைக் கழற்றினேன். கம்பி சுவருக்குள் ஒடிந்திருக்கிறது. எட்டவில்லை. துடைப்பான் பிடியைச் சுழற்றியின் துளையில் நுழைத்துத் திருப்பினேன். பிடி முறிந்தது. உள்கதவின் கண்ணாடி வழியே கட்டிலின் கால்பக்கம் மட்டும் தெரிகிறது. போர்வை நுனி. நான் காலையில் மடித்துவிட்ட மடிப்பு.

இன்னும் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நாள் 218 | 14:05

ஜெனோவாவின் செய்தி உடையின் நினைவகத்திலும் இருந்தது. ஒருவேளை கதவைப் பற்றி ஏதாவது வழி சொல்லியிருப்பாளோ என்று கேட்டேன்.

"மைனி, கோவமா இருக்கியன்னு தெரியுது, பட்டியலப் பூட்டிட்டிய. பரவால்ல. ஆனா ஒன்னு சொல்லணும். வரிசைய மாத்துனது நான் சொல்லிக் குடுத்து இல்ல, அண்ணாச்சியோட யோசனதான். முந்தியே கேட்டேன், 'என்ன அண்ணாச்சி, மைனியப் போயி கடைசில தள்ளப் போறியளே, அடி விழாதா'ன்னு. முக்கா மணி நேரம் எழுதுனாவ. அத அப்பிடியே வாசிக்கேன், கேளுங்க. 'முதல் இடம் கன்னம் துடிச்சாலே அடிச்சிடுது. அவ தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு. கதவு முதல்ல இருக்கட்டும். தப்பா அழுத்தினாலும் ஆள் இல்லாம திறக்காது. அவ வெளியே போற நாளெல்லாம் எனக்குப் பயம். திரும்பி வந்து நிக்கிறப்ப மூணு விநாடிகூட அவ காத்திருக்கக் கூடாது.' அவ்வளவுதான் மைனி. எனக்குப் படிக்கையிலேயே பொறாமையாப் போச்சு. எங்க வீட்டுல ஒன்னு இருக்கே, நான் வெளிய போனா டிவி சத்தத்தத்தான் கூட்டும்."

இரண்டாவது முறை கேட்கவில்லை. அழுதால் காற்று வீணாகும்.

நாள் 218 | 14:20

அவரிடம் சொன்னேன்: "கதவ நாந்தாங்க எடுத்தேன். பாதுகாப்புக்கு இல்ல. நீங்க என்னயக் கடைசில போட்டீங்கன்னு எடுத்தேன்."

வளையம் நின்றது.

ஒரு சுற்று. இரண்டு. ஐந்து. பதினொன்று வரை எண்ணினேன்.

பன்னிரண்டாவது சுற்றில் அதிர்ந்தது. கண்ணாடியில் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. அது சிரிப்பா, தவறி அழுத்தியதா, தெரியவில்லை. முதல்முறையாக ஊகிக்காமல் காத்திருந்தேன். மறுபடி அதிர்ந்தது.

நாள் 218 | 14:50

இதைக் கண்டெடுப்பவருக்கு.

உள்ளே ஆள் இருக்கிறார். உங்கள் கப்பலில் கைச்சுழற்றி இருக்கும். உள்கதவின் இடப்பக்கத் துளையில் மாட்டுங்கள். முதலில் காற்று நிரம்பும், பிறகு கதவு திறக்கும். என்னை ஓரமாக நகர்த்திவிட்டு நேராக அவரிடம் போங்கள். என் மணிக்கட்டு அதிர்ந்தால் அவர் உயிரோடு இருக்கிறார். கலத்தில் நாள் 232 வரை கஞ்சி இருக்கிறது.

அவர் எழுதும்போது குறுக்கே பேசாதீர்கள். அடுத்த எழுத்து என்னவென்று தெரிந்தாலும் சொல்லாதீர்கள்.

நாள் 218 | 15:08

பகல் கஞ்சி நேரம் ஒரு மணி. அவர் இன்னும் குடிக்கவில்லை. குடித்தால் எட்டு நிமிடம் பட்டியல் நகராது. எட்டு நிமிடம் என்னை அழைக்க முடியாது. அதனால்தான்.

"என்னங்க, கஞ்சி குடிங்க." அதிர்ந்தது.

"நீங்க இருக்கணும். கப்பல் வரணும். குடிங்க." அதிர்ந்தது.

"அந்தத் தூத்துக்குடிக்காரி ஒங்க முன்னால மக்ரூன் திங்கணுமாம்ல. பட்டினி கெடந்து அவள ஏமாத்துவீங்களா?"

அதிர்ந்தது. கொஞ்சம் தாமதமாக.

நாள் 218 | 15:29

ஆறு நிமிடக் காற்று. குளிர். தலைக்கவசத்தைக் கதவில் சாய்த்திருக்கிறேன். இரும்பு வழியாக உள்ளே இருப்பது கொஞ்சம் கேட்கிறது.

கடைசியாக ஒருமுறை சொன்னேன். "கெஞ்சிக் கேக்கறேங்க. நாளைக்கும் குடிக்கணும். நாளன்னைக்கும். நான் சொல்லாமலே. இப்பவே ஆரம்பிங்க."

இருபத்தேழு விநாடி. அதிரவில்லை.

இன்னும் ஒரு

நாள் 218 | 15:31

கேட்கிறது. சன்னமாக. கஞ்சிக்குழாயின் மோட்டார்.

நல்லது. எட்டு நிமிடம் ஓடும். எனக்கு நான்கு.

அந்த மோட்டாரை நான்தான் பொருத்தினேன். மேல் திருகு கொஞ்சம் தளர்ச்சி, அதுதான் இந்தக் கரகரப்பு. இப்போதுகூட அதன்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவர் பக்கத்தில் அது இருக்கிறது.

வளையத்தின் மேல் கை வைத்திருக்கிறேன். அதிராது. தெரியும்.

ஓடட்டும். நிறுத்தாதீர்கள். ஓட