அம்மா கேட்ட ஆயிரம் நாமம்

டயகம, இலங்கை
மார்கழி, 1957

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியாத்தா துணையில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் துறையூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு நெஞ்சுச்சளி இன்னும் இறங்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். தோட்டத்து டாக்டரய்யா கொடுத்த மருந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறாள், நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். இந்த வருஷப் பனி வேறு ஆளைக் கொல்கிறது.

ஆனால் என்னை ஆட்டி வைக்கிற பயம் வேறு. நம் கோயிலில் மார்கழி பஜனை நடத்துகிற செல்லசாமி, அதுதான் தகரத்தைத் தட்டியது போல் பாடுவானே அவன், இந்த வருஷம் விஷ்ணு சகஸ்ரநாமம் படிக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். முதல் நாள் அது பிறந்த கதையைச் சொன்னான். பாரதப் போர் முடிந்து பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார், நினைத்தபோது உயிரை விடும் வரம் பெற்றவர், தை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறார், அப்போது தருமர் வந்து கேட்க, பெருமாளின் ஆயிரம் நாமங்களையும் சொல்கிறார் என்றான். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து அதைக் கேட்டாள். கேட்டவள் என்ன செய்தாள் தெரியுமா, தினமும் வீட்டுக்கு வந்து படிக்கும்படி அவனிடம் சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உயிரை விடக் காத்திருந்தவர் சொன்னதைப் படுத்துக் கிடக்கிறவள் கேட்க ஆசைப்பட்டால் என்ன அர்த்தம்? லயத்து வீட்டு வரிசையில் எல்லோருக்கும் அதே நினைப்புத்தான், பக்கத்து வீட்டு ராசம்மா எட்டிப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறாள். பொங்கலுக்குப் பானை வாங்கட்டுமா என்று கேட்டேன். "தை பொறக்கட்டும், பாப்போம்" என்றாள் உன் அம்மா. சாயங்காலம் செல்லசாமி வாசலுக்கு வந்ததும், "இது ஒண்ணும் சாவு வீடு இல்ல, போடா" என்று விரட்டிவிட்டேன்.

அம்மா கோபப்படவில்லை, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "கதைய ஒழுங்கா கேட்டீங்களா? பீஷ்மரு போறவரு, அவருக்கு என்ன பயம்? சொந்தபந்தத்தையெல்லாம் பறிகுடுத்துட்டு நிக்கிற தருமருக்குத்தானே பயம். இருக்கப் போறவருக்காகச் சொன்னது அது. நான் படிக்கச் சொன்னதும் எனக்கில்லீங்க, உங்களுக்குத்தான்" என்றாள்.

பூரணி, இதைக் கேட்டாவது என் பயம் குறைந்திருக்க வேண்டும், கூடித்தான் போனது. போய்விடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன், அவளோ தான் போன பிறகு எனக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்யவே தொடங்கிவிட்டாள். நானே போய்ச் செல்லசாமியைக் கூட்டி வந்தேன். அவன் படிக்கிறான், அம்மா என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், எனக்கு ஒரு நாமம்கூடக் காதில் ஏறவில்லை.

விசாவுக்கு எழுதிப் போட்டாயா? மாப்பிள்ளையை ஆபீசுக்குத் திரும்பத் திரும்ப நடக்கச் சொல். தை பிறப்பதற்குள் கப்பல் ஏறிவிடு. குழந்தைக்குக் கம்பளித் தொப்பி எடுத்து வர மறக்காதே, இங்கே குளிர் தாங்காது. மாரியாத்தா உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும், நீ மஞ்சள் குங்குமத்தோடு நீடூழி வாழ வேண்டும். அப்பாவைத் தனியாக விட்டுவிடாதே என்று உனக்கு எழுதும்படி அம்மா சொல்கிறாள். அதை நான் எழுதியதாக வைத்துக்கொள்ளாதே, நீயே வந்து அவள் வாயால் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரய்யா