லேசாக அடிக்கும் இஸ்திரிப் பெட்டி

ஐப்பசி 9, திங்கள்

மழை. ராயபுரம் முழுக்க ஈரம். எங்கள் வீட்டுத் தரையும். ஆபீஸ் சேலையைத் தேய்க்கப் போனாள் என் மனைவி மரகதம். புது கரண்ட் இஸ்திரிப் பெட்டி, போன வாரம் நான் வாங்கி வந்தது. திடீரென்று அவள் பேச்சு நின்றது. போய்ப் பார்த்தால் பிடித்த கை பிடித்தபடி. விட முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. சுவிட்சை அணைத்தேன். உள்ளங்கைத் தோல் பெட்டியோடு போயிற்று.

விளக்கு சுவிட்சையும் இப்போது குச்சியால்தான் தட்டுகிறேன். பெட்டியைத் தொட்டது அவள்.

10, செவ்வாய்

டாக்டர்: புண் ஆறும். இரண்டு விரல் மடங்குமா என்பது சந்தேகம். இவள் துறைமுகத்தில் டைப்பிஸ்ட் என்றேன். "அப்படியா?" என்று கை கழுவப் போனார்.

மரகதம்: "மீதி எட்டு கீது, வுடுங்க."

சிரித்தது அவள் மட்டும்.

12, வியாழன்

போலீஸ் ஸ்டேஷன். "கரண்ட் அடிச்சிருச்சு சார்" என்று ஆரம்பித்தேன். ஏட்டு அவள் கைக்கட்டைப் பார்த்தார், பிறகு என்னை.

"இன்னா நைனா, பொஞ்சாதிய அடிச்சிட்டு கரண்ட் மேல போட்றியா?"

"அவரு இல்ல சார், இஸ்திரிப் பொட்டி."

"லாக்கப்புல எடம் கீதும்மா, அத்த இட்டுகினு வா."

நல்ல தமிழில் 'மின்சாரம் தாக்கியது' என்றிருக்கலாம். 'தாக்கியது யார்?' என்றிருப்பார்.

13, வெள்ளி

டிராமில் பாரிமுனை. வக்கீல்.

"வாங்கினது?"

"நான்."

"அடிபட்டது?"

"இவள்."

"உங்களுக்கும் கடைக்காரருக்கும் ஒப்பந்தம் இருக்கு, காயம் இல்லை. அம்மாவுக்குக் காயம் இருக்கு, ஒப்பந்தம் இல்லை."

ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் போதாதாம்.

"வேற வழி?"

"ஆபத்துன்னு தெரிஞ்சே, சொல்லாம வித்தார்னு காட்டினா அம்மாவே வழக்குப் போடலாம். எந்தக் கடைக்காரர் அதை ஒத்துக்குவார்?"

15, ஞாயிறு

கடைக்காரரே வந்தார். தூத்துக்குடிப் பக்கம், தங்கமான மனிதர். கையில் சாத்துக்குடி, கக்கத்தில் ஒரு மரப்பலகை. பக்கத்து வீட்டு அந்தோணியும் இருந்தார்.

"அம்மா, இந்தச் சரக்கே லேசா அடிக்கத்தான் செய்யும். எங்க வீட்டுல உள்ளதும் அடிக்கு. எம் பொண்டாட்டி பலகை மேல நின்னுதான் தேய்ப்பா. விக்கும்போதே சொல்லணும்னு இருந்தேன். சொன்னா யாரு வாங்குவா?"

பலகை எங்களுக்காம். அன்பளிப்பு.

"இந்தச் சரக்கு வேற யாருக்கு வித்தீங்க அண்ணாச்சி?" மரகதம் கேட்டாள்.

"இன்னும் மூணு வீட்டுக்குப் போயிருக்கு. கடையில ரெண்டு கெடக்கு. மாத்தித் தரட்டுமாம்மா?"

அந்தோணி வாயில் போட்ட சுளையை மெல்லவில்லை.

16, திங்கள்

மழை விட்டது. பலகையோடு டிராம். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார். வக்கீல் பலகையைக் குழந்தையைப் போல வாங்கி மேஜையில் வைத்தார். அந்தோணி சாட்சி சொல்வார்.

எனக்குத்தான் தயக்கம். நல்ல மனிதர், கோர்ட்டுக்கு இழுப்பதா?

மரகதம்: "மூணு வூட்ல பலகை இல்லாம தேய்ச்சிகினு கீறாங்க."

வழக்குக்கான வக்காலத்துத் தாளை இழுத்துப் பேனாவை இடது கையில் பிடித்தாள். 'ம' வந்தது. 'ர' சாய்ந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன். முழங்கையால் தள்ளிவிட்டாள். 'க'வுக்கு நேரமாயிற்று. வக்கீல் மின்விசிறியை நிறுத்தினார், காகிதம் ஆடாமல்.