சீட்டில் எழுதாத வரி

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் பனி. மலை பத்து மணிக்குத்தான் தெரிந்தது. சால்டரிங் முனை தேய்ந்துவிட்டது, புதுசு வாங்கணும். பாக்கி வேலை: வால்வு ரேடியோ 2, டிரான்சிஸ்டர் 3, ஹோட்டல் ஆம்ப்ளிஃபயர் 1. ஹோட்டல்காரர் தினமும் ஆள் அனுப்புகிறார். அனுப்பட்டும்.

அண்ணன் இன்று கொண்டுவந்தது ஒரு அதிசயம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரப் பெண் மார்ட்டாவுடையது. மரப்பெட்டி, முகப்பு இரும்புத் தகடு, அதில் முழுக்கத் திருகுகளும் ஓட்டைகளும். சிந்தசைசராம். உள்ளே தனித்தனிப் பலகைகள். ஒன்று சத்தம் உண்டாக்கும், ஒன்று அதை மழுக்கும், ஒன்று விளக்கை மினுக்கித் தாளம் தட்டும். எதை எதோடு வயர் போட்டு இணைக்கிறோமோ அதுதான் பாட்டு. நாள் முழுக்க வைத்து விளையாடலாம். அம்மா எட்டிப் பார்த்து, "இது இன்னாடி, டெலிபோன் ஆபீஸா?"

புகார்: உம்மென்று இரைச்சல். டேப்பில் பதிந்தால் பாட்டைவிட இரைச்சல்தான் ஜாஸ்தி. அவள் ஊரில் தங்கை ஆடப்போகிற நாட்டியத்துக்கு இசை பதிகிறாளாம். 13ஆம் தேதி டேப்போடு பஸ் ஏறணும்.

என் மேஜையில் போட்டுப் பார்த்தேன். இரைச்சலே இல்லை.

வெளியே யாரோ: "பாய், உள்ள யாரு வேலை பாக்கறது?" அண்ணன்: "ஒரு பையன் இருக்கான்." இருபத்தேழு வயசுப் பையன், பெயர் ஜமீலா. கடைத் திரைக்குப் பின்னாலிருந்து இருமினேன், ஆம்பிளை இருமல்.

பிப்ரவரி 7, புதன்

வெயில். பெட்டி திரும்பிப் போயிற்று, இரைச்சலும் திரும்பிவிட்டது. அண்ணன் சைக்கிளை சுவரில் மோதி நிறுத்தினான். "அங்க வச்சா கத்துது, இங்க வச்சா ஊமையா இருக்குது. நான் இன்னா பண்றது?"

குறை பெட்டியில் இல்லை, அந்த வீட்டில். போய்க் கேட்டால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். ஆனால் போகக் கூடாது. அண்ணன் காதர் பாய்தான் மெக்கானிக் என்று ஊர் நம்புகிறது. அண்ணன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று, ரெசிஸ்டர் மேலே இருக்கிற கலர்க்கோடு படிக்க வராது. அத்தா இருந்தபோது நான் படித்துச் சொல்வேன். அத்தா போன பிறகு படிப்பதும் நான், பற்றவைப்பதும் நான். வெளி வேலை என்றால் சீட்டு எழுதிக் கொடுப்பேன். அண்ணன் ஒரு வரி விடாமல் செய்வான். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

இன்றைய சீட்டு:
1. பெட்டி எந்த பிளக்கில், டேப் ரெக்கார்டர் எந்த பிளக்கில், பார்.
2. பெட்டியின் எர்த் வயரைக் கழற்றிப் பார். இரைச்சல் நிற்கிறதா?
3. சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு?

பிப்ரவரி 8, வியாழன்

அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான். "ரெண்டாவது வரிதான். கழட்டுனதும் கம்முனு ஆயிடுச்சு. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க!" எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டேன். அண்ணன் மீலாது நபி கூட்டத்துக்கு மைக் செட் ஏற்பாடு செய்யப் போய்விட்டான். மூன்றாவது வரிக்குப் பதிலைக் கேட்க மறந்தேன்.

பிப்ரவரி 10, சனி

மீலாது. தெருவெல்லாம் பச்சைத் தோரணம். நெய்ச்சோறு. அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். சும்மா கேட்டேன், "அந்த எர்த்தை மறுபடி மாட்டினியா?"

"எந்த எர்த்து?"

"கழட்டினது."

"மாட்டுனு நீ எழுதலியே."

எழுதவில்லை. உண்மை. பார்க்கச் சொன்ன சோதனையையே மருந்தென்று நினைத்து விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவனைச் சொல்லி என்ன, எழுதியவள் நான். எர்த் இல்லாமல் இரண்டு நாள். உள்ளே கரண்ட் கசிந்தால் முகப்புத் தகட்டுக்குத்தான் வரும். அந்தப் பெண் நாளெல்லாம் வெறுங்காலோடு நின்று அந்தத் தகட்டைத்தான் தொடுகிறாள்.

அண்ணனால் நகர முடியாது. மைக் இல்லாமல் கூட்டம் இல்லை. துப்பட்டியை எடுத்துப் போர்த்தினேன். காய்கறிப் பையில் மீட்டர், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர்.

அம்மா: "எங்கடி கெளம்பிட்டே? காதர் வரட்டும்."

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு செத்துடும்மா."

அம்மா செருப்பைத் தேடினாள். "ரிக்‌ஷா கூப்புடு."

அறையில் அப்போதுதான் தரை கழுவியிருந்தார்கள். ஈரத்தில் நின்றபடி மார்ட்டா பெட்டிக்குக் கை நீட்டினாள். "தொடாதே!" என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் வாடிக்கைக்காரர் காதில் விழுந்த என் முதல் வார்த்தை.

அவள் விரல் நுனியைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "கொஞ்சம் எறும்பு," என்றாள். ரெண்டு நாளாகக் கரண்டு கடித்திருக்கிறது, எறும்பு ஊர்வதாக நினைத்திருக்கிறாள். மீட்டர் வைத்தேன். தொண்ணூறு வோல்ட்.

வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஓடிவந்தார். "ஏம்மா, நான்தான் இந்த மிஷினுக்குன்னு தனி எர்த்தே போட்டுக் குடுத்தேனே! வெளிநாட்டு சாமானாச்சேன்னு கிணத்தாண்ட பள்ளம் தோண்டி, உப்பு, கரி எல்லாம் கொட்டி பைப்பு எறக்கினேன்."

அதுதான் விஷயம். பெட்டிக்குக் கிணற்றடி எர்த், டேப் ரெக்கார்டருக்கு வீட்டின் பழைய எர்த். இரண்டு மண்ணுக்கும் வோல்டேஜ் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம் நடுவில் இருக்கிற வயர் வழியாக ஓடி உம்மென்று கேட்கும். பாவம், மனுஷர் செய்தது மரியாதை. எர்த்தை மாட்டி, இரண்டையும் ஒரே போர்டில் செருகினேன். மார்ட்டா வாசித்துக் காட்டினாள். இரைச்சல் இல்லை, எறும்பும் இல்லை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏகாம்பரம்: "காதர் பாய் அனுப்பினாரா?"

நான் மீட்டரைப் பையில் போட்டேன். அம்மாதான், "இவதாங்க மெக்கானிக்கு. அவன் தூக்கினு வர்றதோட சரி."

ரிக்‌ஷாவில் தேரடி வந்ததும் அம்மா, "கரண்டுல போற பாட்டு நல்லாத்தான் இருக்குது," என்றாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பௌர்ணமி. மலை சுற்றுகிறவர்கள். அம்மா ஏகாம்பரத்திடம் சொன்னதை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சாயங்காலமானா அந்தப் பெட்டில சுருதி எறங்குதாம். வா, சேர்ந்தே போலாம்."

230 இருக்கவேண்டிய கரண்ட், ஆறு மணிக்கு 165 வோல்ட். அடி அண்ணாமலைப் பக்கம் பம்ப்செட், ரோட்டில் கடைக்குக் கடை டியூப்லைட். பெட்டிக்குள் பதினைந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் பதின்மூன்று. பட்டினி கிடந்தால் பாட்டு எப்படி வரும்? கடையிலிருந்து எடுத்துப்போன பூஸ்டரை நடுவில் வைத்து வோல்டேஜை ஏற்றினேன். சுருதி நின்றது.

மிச்சம் ஒன்று. தாளப் பலகையில் விளக்கு மினுக்கும்போதெல்லாம் பாட்டில் டிக் டிக். எல்லாப் பலகையும் ஒரே மெல்லிய வயரில் தொங்குகின்றன. விளக்கு இழுக்கிற இழுப்பில் மற்றதெல்லாம் ஆடுகிறது. விளக்குக்கு மட்டும் தடித்த வயர் இரண்டு தனியாக, பவர் சப்ளையிலிருந்தே இழுத்தேன். அண்ணன் டார்ச் பிடித்தான். ஏகாம்பரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "இது செவப்பா பச்சையா ஜமீலா?" என்று உரக்கக் கேட்டான். யாரிடமும் ஒத்துக்கொள்ளாதவன்.

மார்ட்டா பதிந்தாள். ஒரு சுரம், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் இன்னொன்று. அந்த ஒன்றுமில்லாத இடம் சுத்தமாக இருந்தது. அது நான் செய்தது. அழுதுவிட்டேன், துப்பட்டி இருந்ததால் தப்பித்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மறுபடி பனி. சால்டரிங் முனை இன்னும் வாங்கவில்லை. அம்மா கடைத் திரையைக் கழற்றித் துவைத்தாள். வருஷக்கணக்கான அழுக்கு.

பத்து மணிக்கு ஏகாம்பரம், கையில் ரேடியோ. அண்ணனைத் தாண்டி என்னைப் பார்த்து, "தங்கச்சி, இதுவும் கரகரங்குது. கொஞ்சம் பாருங்க." அண்ணன் நகர்ந்து வழி விட்டான். ஹோட்டல் ஆளும் பின்னாடியே. என்னைப் பார்த்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகட்டும்.

மத்தியானம் திரை காய்ந்துவிட்டது. அண்ணன் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டூல் பக்கத்தில் நின்றான். "கழட்டினதை மாட்டணுமா, வேணாமா? இந்தத் தடவை தெளிவா எழுதிக் குடு."

சீட்டு எடுத்தேன். ஒரே வரி.

மாட்ட வேண்டாம்.